பிடி நான்கில் இருந்தது

22 ஏப்ரல் 2025, செவ்வாய்.

இன்றைய தவறு: ஜிம்மில் மருதம்மாள் அம்மாவுக்குப் பயிற்சிச் சைக்கிளின் இருக்கையை ஒரு துளை அதிகமாக உயர்த்திவிட்டேன். சென்ற வாரம் ஆறாம் துளை என்று எழுதிவைத்திருந்தேன். இன்று பார்க்காமல் ஏழில் பூட்டினேன். அவர் பெடலைக் காலால் இரண்டு முறை துழாவிவிட்டு, "தம்பி, நான் என்ன கொக்கா? காலு எட்டல-லா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் முழங்காலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்காமல் பூட்டியது தவறுதான்.

டீச்சர், முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. இந்தப் பயிற்சிக் குறிப்பேட்டை எப்படி எழுத வேண்டும் என்று சென்ற மே மாதம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டீர்கள். இயன்முறைப் பயிற்சி உதவியாளர்களுக்கான இந்த மாலை வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். முதல் வாரம் பாதிப் பேர் "தவறு: இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்தோம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பிழை விடாத ஆள் ஒருத்தரும் நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்த ஆஸ்பத்திரியில இருக்கேல்ல. உங்களுக்கு மட்டும் எப்பிடி?" என்று கேட்டீர்கள். அதன் பிறகு நான் ஒரு நாள்கூட அந்த வரியைக் காலியாக விட்டதில்லை. நேற்று எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பத்தேழு தவறுகள். மறுபடி எண்ணியபோதும் அதேதான் வந்தது.

இன்று வகுப்பு முடிந்ததும் நீங்கள் என்னை நிறுத்தி, அடுத்த வகுப்புக்காரர்களுக்குக் காட்ட என் குறிப்பேட்டைத் தர முடியுமா என்று கேட்டீர்கள். நான் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். அதனால்தான் இன்றைய பக்கம் நீளமாக இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒரு பதிவைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றல்ல, பத்து.

என்னைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. பகலில் நான் குழாய்க் கிடங்கில் சரக்கு எண்ணுகிறேன். வளைகுழாய், இணைப்பு, மூடி எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் வந்து மூன்றாம் முறையும் எண்ணுவேன். பாலிடெக்னிக்கை மூன்றாம் பருவத்தில் விட்டவன். கார் ஓட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "புவனேஸ்வரன் ஆரம்பிப்பான்" என்பார்கள். வாக்கியம் அதோடு நின்றுவிடும்.

பரஞ்சோதி அண்ணனை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு உறவு இல்லை. கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. எஸ்டேட்டை விட்டுச் சுங்கைப் பட்டாணிக்கு வந்த பிறகும் ஒரே தாமானில், ஒரே குடியிருப்பு வரிசையில், மூன்று வீடு தள்ளி இருக்கிறோம். அவர் மட்டும் தினமும் மோட்டார் சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போய்ச் செம்பனை மரத்தில் எண்ணெய்க் குலை வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குலையைக் கொக்கியில் மாட்டி டிராக்டர் பெட்டிக்கு மேலே எறியும்போது முதுகில் ஏதோ நழுவியது. இடுப்புக்கு மேலே, கடைசி எலும்புக்கு முந்தைய இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். அறுவை வேண்டாம், முதுகைப் பலப்படுத்தினால் போதும் என்றார்கள். யார் பலப்படுத்துவது என்று சொல்லவில்லை.

நீங்கள் ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கச் சொன்னபோது நான் அவர் வீட்டுக்குப் போனேன். சென்ற ஜூன் மாதம். அவருக்கு முப்பத்து நான்கு வயது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உமாராணி அக்கா தரையில் மண்டியிட்டு அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் காலை இழுத்துக்கொண்டார்.

"இந்தாங்க, டாக்டர் வந்துட்டாரு" என்றார். "ஏன்டா, குழாய் எண்ணுறவனுக்கு முதுகப் பத்தி என்னடா தெரியும்?"

"படிக்கிறேண்ணே" என்றேன்.

"சரி, பழகிக்கோ. என் முதுகு ஏற்கெனவே கெட்டதுதான். ஒன்னால அதுக்கு மேல கெடுக்க முடியாது."

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

முதல் மாதம் பாய்தான். மல்லாந்து படுத்து இடுப்பைத் தரையோடு அழுத்துவது. பிறகு இடுப்பைத் தூக்குவது. பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டிப் பத்து விநாடி ஆடாமல் இருப்பது. அதைச் செய்யும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. "எங்க வீட்டு நாயே இதவிட நல்லாச் செய்யும்டா. அதுக்கு மாசம் ஒரு எலும்பு போட்டாப் போதும்" என்பார். ஆனால் செய்வார். நான் இல்லாத நாளிலும் செய்து, எத்தனை முறை என்று எனக்குச் செய்தி அனுப்புவார். ஒரு மனிதர் நான் சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேன் என்று எனக்குச் சொல்லுவது அதற்கு முன் நடந்ததில்லை.

ஆகஸ்டில் நாங்கள் பயிற்சி பழகும் ஜிம்முக்கு அழைத்துவந்தேன். டயர்க் கடைக்கு மேலே படி ஏறுவதற்கே அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. கேபிளை நின்றபடி இழுக்கவைத்தேன். ஒரு கையில் எடையைப் பிடித்து நேராக நடக்கவைத்தேன். கடைசியாக முதுகு மெஷினில் உட்காரவைத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை, அதைப் பின்னால் தள்ள வேண்டும், எடைத் தகடுகள் மேலே ஏறும். பக்கத்தில் ஒரு பிடி இருக்கிறது. எவ்வளவு குனிந்த நிலையில் தொடங்குவது என்பதை அது தீர்மானிக்கும். ஐந்து என்றால் கிட்டத்தட்ட நிமிர்ந்த நிலை. ஒன்று என்றால் முழங்காலைப் பார்த்துக் குனிந்த நிலை. டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு நான்குக்குக் கீழே இறக்கக் கூடாது என்று நீங்கள் பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டீர்கள்.

செப்டம்பர் 17-ஆம் தேதிப் பதிவைப் பாருங்கள். அன்றைய தவறு உண்மையான தவறு. எனக்கு முன் அந்த மெஷினில் இருந்தவர் எடைத் தகடுகளில் செருகும் பின்னை அறுபது கிலோவில் விட்டுப் போயிருந்தார். நான் பார்க்காமல் அண்ணனை உட்காரவைத்தேன். ஒரு தள்ளுதான். அவர் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் அவரால் எழ முடியவில்லை. நான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. "உடன ஒத்துக்கொள்ளுறவர்தான் இந்த வேலைக்கு வேணும்" என்றீர்கள்.

அடுத்த மூன்று வாரமும் நான் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். கிடங்கு முடிந்ததும் நேராக அங்கே போவேன். பாயைப் போடுவேன். உமாராணி அக்கா மைலோ கலக்கிக் கொடுப்பார். அண்ணன் மல்லாந்து படுத்துக்கொண்டு, "புவன், நீ இல்லன்னா நான் செத்தேன்" என்பார். மூன்றாம் வாரக் கடைசியில் அவர் மறுபடி எழுந்து நடந்தார். நான் மகிழ்ச்சியடைந்தேன். அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. என்ன என்று அப்போது தெரியவில்லை. அந்த மூன்று வாரம் முடிந்துவிட்டதே என்பதுதான் அது.

நவம்பரில் அவரே காலுறை மாட்டிக்கொண்டார். டிசம்பரில் ஒரு கையில் இருபத்து நான்கு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஜிம்மின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். ஜனவரியில் முதுகு மெஷினில் நாற்பது கிலோ, பிடி நான்கில், பன்னிரண்டு முறை, வலியில்லாமல்.

வீடியோ எடுத்தது ஜனவரி 16, பொங்கல் வாரத்து வியாழக்கிழமை. ஜிம்மில் கோச் காளிதாசன் இருக்கிறாரே, அவரை இணையத்தில் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று அண்ணனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன் கைபேசியை என்னிடம் கொடுத்தார்.

"புடி தம்பி. கையாட்டாத. மூஞ்சி நல்லாத் தெரியணும், தொப்ப தெரியக் கூடாது."

அவர் பன்னிரண்டு முறை தள்ளினார். காளிதாசன் பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு எண்ணினார். அதற்கு முன் அவர் அண்ணனுக்கு எதையும் எண்ணியதில்லை. முடித்ததும் அண்ணன் காளிதாசனின் தோளில் கை போட்டுக்கொண்டு கைபேசியைப் பார்த்தார். அதாவது என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் படுத்துக் கெடந்தேன். என்னைய நிக்க வச்சது இவருதான். கோச் காளிதாசன். தேங்க்யூ கோச்."

நான் கையை ஆட்டவில்லை. வீடியோ தெளிவாக வந்திருக்கிறது.

படி இறங்கும்போது கேட்டேன். கேட்காமல் இருந்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

"அண்ணே, வீடியோவுல அவரு பேரச் சொன்னீங்க."

"ஆமா. ஒன் பேரச் சொன்னா யாருக்குடா தெரியும்? அவனுக்கு ஒரு தேங்க்யூ போட்டா ரெண்டு மாசம் ஃப்ரீயா வுடுவான்."

அவர் என் பிடரியில் தட்டினார்.

"ஏய், நீ நம்ம வீட்டு ஆளுடா. வீட்டு ஆளுக்கு எவனாச்சும் தேங்க்யூ சொல்வானா? எங்கம்மாவுக்கு நான் சொல்லியிருக்கனா? உமாவுக்குச் சொல்லியிருக்கனா? சொன்னா அவ என்னைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருவா."

சரியான விளக்கம். நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். நான் என் அப்பாவுக்கு நன்றி சொன்னதில்லை. அதனால் ஏற்றுக்கொண்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. அண்ணன் இணையத்தில் ஏற்றியிருந்த வீடியோவை நாற்பத்தொரு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை உமாராணி அக்கா பொங்கல் வைத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடி, "மேல இருக்கிற பெரிய பெட்டிய இறக்கணும் தம்பி, ஒரு நாள் வந்து உதவி பண்றீங்களா? இவரத் தூக்க விட மாட்டேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் சற்று விழித்தார்.

"அவரு ஒங்ககிட்ட சொல்லலயா? பாலிங்ல ஒரு எஸ்டேட்ல மண்டோர் வேல கெடச்சிருக்கு. குலை தூக்க வேணாம், ஆளுங்கள மேய்ச்சாப் போதும். வீடும் குடுக்கறாங்க. மார்ச் மாசம் போறோம்."

சொல்லவில்லை என்றேன். மறந்திருப்பார் என்றேன்.

வீட்டு ஆள் என்பதால் நன்றி சொல்லவில்லை. சரி. வீட்டு ஆள் என்றால் வீடு மாறுவதைச் சொல்ல வேண்டாமா? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். நான் வீட்டு ஆள் இல்லை என்றால் எனக்கு நன்றி வர வேண்டும். வீட்டு ஆள் என்றால் எனக்குச் செய்தி வர வேண்டும். இரண்டும் வரவில்லை. இதை நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்த்த பிறகும் சரியாகவே இருந்தது. இப்போதும் இதில் எங்கே பிழை என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கண்டால் சிவப்பு மையில் குறியுங்கள்.

ஜனவரி 21-ஆம் தேதி அண்ணனிடம், மாலையில் ஜிம்மில் கூட்டமாக இருக்கிறது, காலையில் வாருங்கள் என்றேன். காலை ஆறு மணி. காளிதாசன் காலையில் எழமாட்டார் என்பதால் கதவுச் சாவி என்னிடம் இருந்தது. அண்ணன் ஐந்தரைக்கு எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மோட்டாரில் வந்துவிடுவார்.

நீங்கள் ஜூலை மாதம் ஒரு வகுப்பு முழுவதும் இதைப் பற்றிப் பேசினீர்கள். உங்கள் வார்த்தைகளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். "இரவு படுக்கேக்க டிஸ்க் தண்ணி உறிஞ்சி வீங்கியிருக்கும். விடியக்காலமை எழும்பி ஒரு மணித்தியாலத்துக்கு முதுகை வளைச்சுப் பாரம் தள்ளக் கூடாது." வகுப்பில் எல்லாரும் இதைக் குறித்துக்கொண்டோம். தேர்விலும் வந்தது. எனக்கு முழு மதிப்பெண்.

ஜனவரி 26 முதல் பிப்ரவரி 18 வரை, ஞாயிறு, செவ்வாய், வியாழன். நடுவில் தைப்பூசத்துக்கு ஒரு நாள் இல்லை. மொத்தம் பத்துக் காலை. அந்தப் பத்துப் பக்கங்களிலும் "பிடி நான்கு, எடை நாற்பது" என்று எழுதியிருக்கிறேன். பிடி நான்கில் இருந்தது முதல் நாள் மட்டும்தான். அன்றும் நேரம் தவறு, அதை எழுதவில்லை. அடுத்த மூன்று நாள் பிடி மூன்றில். அடுத்த மூன்று நாள் இரண்டில். கடைசி மூன்று நாள் ஒன்றில். எடை நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குப் போனது. திடீரென்று மாற்றினால் அவருக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் உடம்பு பழகிக்கொள்ளும் என்பதும் நீங்கள் சொல்லித் தந்ததுதான்.

அந்தப் பத்துப் பக்கங்களிலும் முதல் வரியில் ஒரு தவறு இருக்கிறது. "துண்டு எடுத்துவர மறந்தேன்." "ஒரு முறை எண்ணிக்கை தவறினேன்." "மெத்தையைத் துடைக்கவில்லை." அவை அனைத்தும் உண்மை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தைப்பூசம் முடிந்த வியாழக்கிழமை அண்ணன் வந்து காலணியைக் கழற்றினார். இடது பெருவிரலைக் கையால் கிள்ளிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு விஷயம்-லா. அன்னிக்குத் தேருக்குப் பின்னால வெறுங்காலோட நடந்தன்ல, மத்தியான வெயிலு. தாரு ரோடு கொதிக்குது. வலது காலு பொத்துப் போச்சு. இடது பெருவெரலு மட்டும் ஒன்னுமே தெரியல. முருகன் கருணைன்னு உமா சொல்றா. நீ என்ன சொல்ற?"

மரத்துப்போதல் காலில் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்து, அன்றே மருத்துவரிடம் அனுப்பு. இது பாடப் புத்தகத்தில் கட்டம் கட்டி இருக்கிறது. கட்டத்தின் நிறம் மஞ்சள்.

"நல்லதுதாண்ணே" என்றேன். "அமுங்கிக் கெடந்த நரம்பு முழிச்சிக்கிது. கொஞ்ச நாளு அப்படித்தான் இருக்கும்."

"அப்படியா? சாக்கிட்டே இல்ல, வலியே இல்ல, அதான் பயந்துட்டேன். வலிச்சாக்கூடப் பரவால்ல."

"வலி இல்லாததுதான் நல்லது."

"நீ சொன்னாச் சரி" என்று மெஷினில் ஏறி உட்கார்ந்தார்.

டீச்சர், நான் அவரை முடமாக்க நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது மூன்று வாரம். செப்டம்பரில் ஒரு தள்ளுக்கு மூன்று வாரம் ஆனது. இந்த முறையும் அதே அளவு ஆகியிருந்தால் மார்ச் போயிருக்கும், மண்டோர் வேலை வேறொருவருக்குப் போயிருக்கும், அவர் பாயில் படுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்பார். யாருக்கும் நிரந்தரமான நஷ்டம் இல்லை. நான் போட்ட அளவு கூடிவிட்டது. தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய். காலை ஆறு இருபது. எட்டாவது முறை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. எடைத் தகடுகள் மட்டும் கீழே விழுந்தன. அவர் பக்கவாட்டில் சரிந்து ரப்பர் தரையில் இறங்கினார். "தம்பி" என்றார். தரையில் ஈரமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். போத்தல் சன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்தது. சிறுநீர் வந்தது அவருக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் பிடியை நான்குக்கும் பின்னை நாற்பதுக்கும் மாற்றினேன். அதனால் எவ்வளவு தாமதம் ஆகியிருக்கும் என்று பிறகு ஒரு நாள் கைபேசியில் நேரம் பார்த்துச் செய்து பார்த்தேன். ஒன்பது விநாடி. அதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்றே அறுவை செய்தார்கள். சிறுநீர் ஒரு மாதத்தில் கட்டுக்குள் வந்தது. இடது பாதம் வரவில்லை. நடந்தால் பாதத்தின் முன்பகுதி தொங்கித் தரையில் உரசுகிறது. ஒரு வருடத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். பாலிங் வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். இறக்கிவைத்த பெட்டியை உமாராணி அக்கா மறுபடி மேலே வைக்கச் சொன்னார். நான்தான் ஏற்றிக் கொடுத்தேன்.

பழி காளிதாசன்மேல் விழுந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. வீடியோ இருந்ததே. அதன் கீழே ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். "நிக்க வச்ச கோச்சுதான் படுக்க வச்சதா?" என்று ஒருவர். அதற்கு நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள். ஜிம்காரர் காளிதாசனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும் முன் காளிதாசன் கிடங்குக்கே வந்து என்னைத் தேடினார். பெரிய உடம்பு. குழாய் அடுக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் வர முடிந்தது.

"புவன், நீயே சொல்லு. நான் அவரு முதுகத் தொட்டிருப்பனா? ஒரு நாளு? வீடியோவுக்கு எண்ணுனேன், அவ்ளோதான்-லா."

"எண்ணினீங்க" என்றேன்.

"அதான்டா நானும் சொல்றேன். எண்ணுனதுதான் நான் செஞ்ச தப்பா?"

அவர் குழாய் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். நன்றியை வாங்கிக்கொண்டவர் பழியையும் வாங்கிக்கொள்வது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இரக்கமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம் என்று நினைக்கிறேன்.

நீங்களும் ஜிம்காரரும் என் குறிப்பேட்டை மேசையில் விரித்துப் பார்த்தீர்கள். நான் கதவருகே நின்றேன். நீங்கள் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தீர்கள். "பிடி நாலில இருந்திருக்கு. பாரமும் கூட்டேல்ல. இந்தப் பிள்ளை துண்டு மறந்ததைக்கூட எழுதியிருக்கு. இவரில ஒரு பிழையும் இல்லை" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அழாதையும்" என்றீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சென்ற வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து பயிற்சிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இன்று கிடங்கு முடிந்து நான் மோட்டாரை எடுக்கும்போது உமாராணி அக்கா குரல் செய்தி அனுப்பினார். பின்னால் அண்ணனின் குரலும் கேட்டது. "எவனும் வந்து தொட வேணாம்னு சொல்லு. எங்க தம்பி வரட்டும். அவனுக்குத்தான் இந்த முதுகு தெரியும்."

நான் திரும்பிக் கூப்பிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசினார். அறைக்கு வெளியே போய்ப் பேசுகிறார் என்று குரலில் தெரிந்தது.

"தம்பி, ஒங்க மேல எங்களுக்கு ஒன்னும் இல்ல. அவரு ஒரு வார்த்த சொல்லல. பாலிங் விஷயத்த ஒங்ககிட்ட மறச்சிட்டோம்னுதான் அவருக்கு மனசு கஷ்டம். மறைக்கல தம்பி, அவருக்கு வாய் வரல. அங்க குடுத்த வீட்டுல ரெண்டு ரூமு. புவனையும் கூப்பிடுவமா, அங்க ஆஸ்பத்திரியில இந்த மாதிரி வேல கெடைக்குமா, கேட்டா அவங்க வீட்டுல தப்பா நெனப்பாங்களான்னு தெனமும் எங்கிட்ட கேப்பாரு. நீங்களே கேளுங்கன்னு நான் சொல்வேன். நாளைக்குக் கேக்கறேன், நாளைக்குக் கேக்கறேன்னு…"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் சரிக்கா என்றேன்.

இது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. உமாராணி அக்கா இரக்கத்தில் எதையும் சொல்லக்கூடியவர். உண்மையாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உண்மை என்றால் தாளில் நான் எழுதிப் பார்த்த கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு இப்போது நேரமில்லை. அவர் உடம்பு முக்கியம்.

ஆகவே, டீச்சர், தெளிவாக எழுதுகிறேன். பரஞ்சோதியின் முதுகை உடைத்தது நான். தெரிந்து செய்தேன். பிடியை இறக்கியதும் எடையைக் கூட்டியதும் காலையில் வரவழைத்ததும் கால் மரத்ததைப் பற்றிப் பொய் சொன்னதும் நான்தான். காளிதாசனுக்கு இதில் சம்பந்தம் இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். உங்களிடம் கட்டாயம் கொடுப்பேன்.

ஆனால் இப்போது கொடுத்தால் என்னை அந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள். வேறு யாராவது வருவார்கள். அவர்களுக்கு அவர் முதுகு தெரியாது. எந்தப் பக்கம் திரும்பும்போது மூச்சைப் பிடிப்பார், எத்தனையாவது முறையில் ஏமாற்றுவார் என்பது எனக்குத்தான் தெரியும். அது அவருக்குத்தான் நஷ்டம். அவர் யார் துணையும் இல்லாமல் நடக்கும் அன்று இதைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்கிறேன். அதுவரை பிரதியில் இந்தப் பக்கம் இருக்காது.

நாளைக்கு: மாலை ஆறரை, பரஞ்சோதி அண்ணன் வீடு. பாய் எடுத்துப் போக வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தரையோடு அழுத்துதல், ஐந்து முறை. எடை இல்லை. அவசரப்படுத்தக் கூடாது.